ஏழு நாள் கணக்கும் முப்பது நாள் கணக்கும்

"போன 7 நாள்ல எவ்வளவு அரிசி செலவாச்சு?" என்று ஒரு வீட்டில் கேட்டு, வரும் பதிலை மாதத்துக்குப் பெருக்குங்கள். "போன 30 நாள்ல எவ்வளவு?" என்றும் வேறு வீடுகளில் கேட்டுப் பாருங்கள். சராசரியில் முதல் கணக்குதான் கூடுதலாக வரும். நாள் நீள நீள மறதி கணக்கைக் குறைக்கிறது. குறுகிய கெடுவிலோ, பத்து நாளுக்கு முன் வாங்கியதும் 'போன வாரத்தில்' வந்து சேர்ந்துகொள்கிறது. இந்த வித்தியாசம் கோடிக்கணக்கான இந்தியர்களை வறுமைக்கோட்டின் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளிவிடும் என்பதால், தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் இதை இரண்டு விதமாகச் சோதித்தது. அந்த இரண்டு வடிவமைப்புகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது, கையில் வினாத்தாளோடு கிளம்பும் எந்த ஆய்வு மாணவருக்கும் பயன்படும்.

முதல் வழி 1994 முதல் 1998 வரை நடந்த 51 முதல் 54 வரையிலான சுற்றுகளில். வினாத்தாள்கள் இரண்டு. ஒன்றில் வழக்கம்போல எல்லாவற்றுக்கும் 30 நாள். மற்றதில் உணவு, வெற்றிலை, புகையிலைக்கு 7 நாள்; துணிமணி, செருப்பு, படிப்பு, நீடித்து உழைக்கும் சாமான்களுக்கு 365 நாள்; மிச்சத்துக்கு 30 நாள். ஒரு வீட்டுக்கு ஒரு தாள்தான்; எந்த வீட்டுக்கு எது என்பது குலுக்கல் முறையில். இரண்டாவது தாளில் மொத்த நுகர்வு ஏறத்தாழ 15 விழுக்காடு அளவுக்கு உயர்ந்தது. வறுமைக்கோட்டை அசைக்காமலே ஏழைகளின் எண்ணிக்கை கிட்டத்தட்டப் பாதியானது.

இரண்டாவது வழி 1999-2000இல் நடந்த 55ஆம் சுற்று. இங்கே உணவுப் பொருள்களுக்கு ஒரே வீட்டில், ஒரே தாளில், அடுத்தடுத்த கட்டங்களில் 7 நாள் கணக்கும் 30 நாள் கணக்கும் கேட்கப்பட்டன.

புள்ளியியல் பாடப்புத்தகம் இரண்டாவது வழிக்குத்தான் மதிப்பெண் போடும். முதல் வழியில் தனித்தனிக் குழுக்களை ஒப்பிடும் டி-சோதனை செய்ய வேண்டும். எட்டுப் பேர் சாப்பிடும் வீடும் இரண்டு பேர் சாப்பிடும் வீடும் கலந்து கிடக்கும். அந்த ஏற்றத்தாழ்வு திட்டப்பிழையைப் பெருக்கி, நாம் தேடும் வித்தியாசத்தை மறைக்கப் பார்க்கும். இரண்டாவதில் இணை டி-சோதனை. ஒவ்வொரு வீட்டையும் அதனோடேயே ஒப்பிடுவதால் வீட்டின் அளவு கழிந்துபோகும். சிறிய வித்தியாசமும் பளிச்சென்று தெரிய வேண்டும்.

நடந்தது வேறு. இரண்டு கணக்குகளும் ஆச்சரியப்படும் அளவுக்கு நெருங்கி வந்தன. காரணத்தைத் தெரிந்துகொள்ள ஒரு வீட்டுத் திண்ணையைக் கற்பனை செய்தால் போதும். வாரத்துக்கு 7 கிலோ என்று அம்மா சொல்கிறார். மாதக் கணக்கைத் தனியாகக் கேட்டிருந்தால், ரேஷனில் வாங்கியதையும் கடையில் வாங்கியதையும் கூட்டி 25 கிலோ என்றிருப்பார். ஆனால் கேள்வி உடனே வருகிறது. "வாரத்துக்கு ஏழுன்னா, முப்பது எழுதிக்குங்க சார்." ஐந்து கிலோ வித்தியாசம் அங்கேயே கரைந்துவிட்டது. கணக்கெடுப்பவரும் இரண்டு கட்டங்களும் முரண்படுவதை விரும்பமாட்டார். மேற்பார்வையாளருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே.

இணைச் சோதனைக்கு ஒரே வீட்டின் இரண்டு பதில்கள் ஒத்திருப்பது பலம். ஆனால் ஒரு பதிலைப் பெருக்கி இன்னொன்றை உண்டாக்கியிருந்தால், சோதனை அளப்பது ஞாபகத்தை அல்ல, மனக்கணக்கை. இதை எந்த பி-மதிப்பும் காட்டிக்கொடுக்காது. முதல் வழிக்கு மாதிரி பெரிதாக வேண்டும், செலவும் கூடும். வீடுகளை ஊர் ஊராகத் தேர்ந்தெடுப்பதால் திட்டப்பிழையை அதற்கேற்பக் கூட்டிப் போடவும் வேண்டும். இருந்தும் என் ஓட்டு அதற்கே.

55ஆம் சுற்றை வைத்து அரசு வெளியிட்ட வறுமை விகிதம் 26.1 விழுக்காடு, 1993-94இல் அது 36. வீழ்ச்சியில் எவ்வளவு நிஜம், எவ்வளவு கேள்வித்தாளின் வேலை என்று பெரிய சண்டையே மூண்டது. பொருளாதார அறிஞர் ஆங்கஸ் டீட்டன் ஒரு வழி கண்டார். எரிபொருள் போன்ற சில செலவுகளுக்கு 1993-94, 1999-2000 ஆகிய இரண்டு சுற்றுகளிலும் ஒரே 30 நாள் கெடுதான். அந்தக் கெடாத பகுதியை வைத்து மொத்த நுகர்வை மதிப்பிட்டார். வறுமை குறைந்தது உண்மை, ஆனால் அரசு சொன்ன அளவுக்கு இல்லை என்று வந்தது.

எது சரியான கணக்கு என்பது வேறு கேள்வி. வித்தியாசம் இருப்பதைத்தான் சோதனை சொல்லும். உண்மை எந்தப் பக்கம் என்று தராசுதான் சொல்லும். புள்ளியியலாளர் மகலனோபிஸ் காலத்திலேயே, 1950களின் தொடக்கத்தில், மேற்கு வங்கக் கிராமங்களில் அரிசியை நிறுத்துப் பார்த்தபோது மாதக் கணக்கே பொருந்தி வந்தது. பிற்காலச் சுற்றுகளில் அரிசி, பருப்பு, பாலுக்கு 30 நாளும், காய்கறி, பழம், மீன், இறைச்சிக்கு 7 நாளும் என்று பிரித்துக் கேட்கத் தொடங்கினார்கள்.

அதற்காக, ஒரே தாளில் இரண்டு கட்டம் என்றாலே தப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. 2004-05இன் 61ஆம் சுற்றில் துணி, செருப்பு, படிப்பு, மருத்துவமனைச் செலவு, நீடித்து உழைக்கும் சாமான்களுக்கு 30 நாளும் 365 நாளும் ஒரே வீட்டில் கேட்கப்பட்டன. அங்கே கணக்குகள் ஒட்டிக்கொள்ளவில்லை. மாதக் கணக்கில் வறுமை 27.5 விழுக்காடு, ஆண்டுக் கணக்கில் 21.8. இந்த மாதம் புடவையே எடுக்காதவர் தீபாவளிக்கு எடுத்த புடவையைச் சொல்லாமல் விடமாட்டார்; பூஜ்யத்தைப் பன்னிரண்டால் பெருக்கி ஆண்டுக் கணக்கை எழுத யாராலும் முடியாது.