அளந்து வைத்த கயிறு

திண்டுக்கல் மாவட்டத்தில், பழனிக்கு வடக்கே விரிந்து கிடக்கும் சமவெளியில் அமைந்த ஊர் தொப்பம்பட்டி. தென்மேற்குப் பருவமழையை மலைகள் மறித்துக் கொள்வதால், ஐப்பசி, கார்த்திகை மழையையே இப்பகுதி உழவர்கள் பெரிதும் நம்பியுள்ளனர். தெற்கே பழனி மலைத்தொடரின் மீது முகில் கவிந்தால் அவர்கள் உள்ளம் குளிரும். ஆயினும், சமவெளிக்கு வாழ்வளிக்கும் மழையே மலைச்சரிவில் வாழ்வோருக்குச் சில வேளைகளில் முடிவாகவும் அமைந்து விடுகிறது. சமவெளியும் முற்றிலும் தப்பியதன்று. 1977 நவம்பர்ப் பெருமழையில், வேடசந்தூரை அடுத்த குடகனாற்று அணை வெள்ளம் தாளாது உடைந்ததை இம்மாவட்டத்து முதியோர் அறிவர்.

மலை ஏன் சரிகிறது? நம் மலைகளின் உட்பகுதி உறுதியான பாறை. அதன் மேல் காலப்போக்கில் சிதைந்த மண் போர்வை போல் படிந்துள்ளது. அளவான மழையை அம்மண் உறிஞ்சிக் கொள்ளும். மரவேர்கள் அதனைப் பிணைத்து நிற்கும். இடையறாது கொட்டும் மழையில் மண்ணின் நுண்துளைகளெல்லாம் நீரால் நிரம்ப, பாறையின் மீதுள்ள பிடிப்பை மண் இழக்கிறது. சோலைக் காடுகளை அழித்து, சாலைக்காகச் சரிவின் அடியை வெட்டி, ஓடைகளையும் அடைத்த இடங்களில் இவ்விழப்பு விரைந்து நேர்கிறது. பின்னர்ச் சேறும் பாறையும் ஒன்றாகி, ஓடையின் வழியே பாய்ந்து வருகின்றன.

நீலகிரியில் 1978-லும் 1979-லும் மலைகள் சரிந்தன. 1993-ல் குன்னூர்ச் சாலையிலுள்ள மரப்பாலம் பேரிழப்பைக் கண்டது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. தொப்பம்பட்டிச் சமவெளி ஏறத்தாழ ஓராண்டு முழுவதும் பெறும் மழை அது! பழனி மலைக்கு மேற்கே, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில், 2020 ஆகஸ்ட் 6 இரவு, ஓடையருகே இருந்த தேயிலைத் தொழிலாளர் குடியிருப்புகளைச் சேறு மூடியது. மாண்டோர் எழுபதின்மர், அவர்களுட் பலர் கயத்தாற்றுப் பகுதியிலிருந்து பிழைக்கச் சென்ற தமிழர்கள். மறுநாள் காலையிலேயே செய்தி வெளியுலகை எட்டியது. இலங்கையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தை 2014 அக்டோபர் 29 அன்று மண் விழுங்கியது. அவ்விடம் ஆபத்தானது என்று 2005-லும் 2011-லும் எச்சரிக்கப்பட்டிருந்தது.

ஈண்டு இஸ்லாமிய வரலாற்றின் ஒரு நிகழ்ச்சியை எண்ணிப் பார்த்தல் தகும். மக்கா, மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு. ஹிஜ்ரி 17-ல் மலைகளிலிருந்து இறங்கிய பெருவெள்ளம் கஅபா வளாகத்தில் புகுந்து, மகாமே இப்ராஹீமை அடித்துச் சென்றது. மதீனாவிலிருந்து விரைந்து வந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள், அது முன்பு இருந்த இடத்தை அறிந்தவர் யாரென வினவினார்கள். இப்படியொரு நாள் வரக்கூடும் என்றஞ்சி, அதன் தொலைவை முன்னரே கயிற்றால் அளந்து வீட்டில் வைத்திருந்தார் ஒருவர். அக்கயிறு வரவழைக்கப்பட்டது, மகாம் தன் இடத்தை அடைந்தது. கலீஃபா அவர்கள் அத்துடன் அமையவில்லை. மக்காவின் மேற்பகுதியில் பெரும் பாறைகளைக் கொண்டு தடுப்புக்கரை எழுப்பினார்கள். மக்காவின் வரலாற்றை எழுதிய அல்அஸ்ரகீ இதனைப் பதிவு செய்துள்ளார்.

முன்னரே அளந்து வைத்தல், அளவைக் கேட்டறிதல், அதன்படி கரை எழுப்புதல் ஆகிய மூன்றுமே ஒரு சமுதாயத்தைக் காக்கும். வயநாட்டு முண்டக்கையில் 1984-லேயே மலை சரிந்து உயிர்கள் மாண்டன. அருகிலுள்ள புத்துமலையில் 2019-ல் மீண்டும் சரிந்தது. 2024 ஜூலையில், கல்பற்றாவிலுள்ள ஹியூம் ஆய்வு மையம் ஊர்தோறும் வைத்த மழைமானிகளைப் பார்த்து முந்திய நாளே எச்சரித்தது. கயிறு இருந்தது! ஆயினும் ஜூலை 30 விடியுமுன் முண்டக்கையும் சூரல்மலையும் உறக்கத்திலேயே புதைந்தன. மாண்டோர் இருநூற்றைம்பதின்மருக்கும் மேல். அடையாளம் காண இயலாத உடல்கள் புத்துமலையில் எண்ணிட்ட கற்களின் கீழ் அடக்கப்பட்டன. எந்தக் கபரில் இருப்பவர் எந்தச் சமயத்தவர் என்று அறிய வழியின்றி, எல்லாச் சமயத்தாரும் ஒருசேர நின்று பிரார்த்தித்தனர்.

இவையனைத்தும் இறைவன் நாட்டம் என்று நம்மவர் கூறுவதுண்டு. அவன் நாட்டமின்றி எதுவும் நிகழாது என்பது நம் ஈமான். எனினும் ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே அவன் மீது பொறுப்புச் சாட்டும்படி கற்பித்தவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். மழை அவனது ரஹ்மத். ஏழைத் தொழிலாளியை ஓடையின் வழியில் குடியமர்த்தியது மனிதன் செயல். பேரிடருக்குப் பின் அரிசியும் ஆடையும் திரட்டி அனுப்புவதில் நம் ஜமாஅத்துகள் என்றும் பின்தங்கியதில்லை. மழைக்கு முன்னரும் அதே கைகள் நீளவேண்டும். மலையூர்களில் பிழைக்கும் உறவினரின் வீடு எந்தச் சரிவில், எந்த ஓடைக்கரையில் உள்ளது என்பதை விசாரித்தறிவதும், பழைய சரிவுகளைக் கண்ட முதியோர் சொல்லை எழுதி வைப்பதும், எச்சரிக்கை வந்த இரவில் அவர்களுக்குத் தங்க இடம் அளிப்பதும் சதகாவே ஆகும். அடுத்த ஐப்பசிக்கு முன் நம் வீட்டிலும் ஒரு கயிறு அளந்து வைக்கப்பட்டிருக்கட்டும்.