பூசாத செங்கல் சுவர்

தமிழ்நாட்டில் செங்கல் நெடுங்காலம் பூச்சுக்குள் மறைந்திருந்த பொருள். கோயில் கோபுரங்களின் மேல்நிலைகள் செங்கல்லால் எழுந்தாலும் கண்ணுக்குத் தெரிவது அவற்றின் மேலுள்ள சுதைதான். வீட்டுச் சுவர்களுக்கும் சுண்ணாம்புப் பூச்சு இருந்தது. நாட்டுச் சூளையில் நெருப்பு எல்லாக் கற்களுக்கும் ஒரே அளவில் எட்டாது. வேகாத கல் மழைநீரை உறிஞ்சி உதிரும். அதைக் காக்கப் பூச்சு தேவைப்பட்டது. பூச்சே தனிக் கலையாகவும் வளர்ந்தது. கிளிஞ்சல் சுண்ணாம்புடன் முட்டை வெண்கரு, தயிர், நெய் முதலியவை சேர்த்து, சலவைக்கல் போல் பளபளக்கும்வரை தேய்த்த சென்னைச் சுண்ணாம்புப் பூச்சு 18ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியரிடம் பெயர் பெற்றிருந்தது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னையின் பொதுக் கட்டடங்கள் இந்தப் பூச்சைக் களைந்தன. ராபர்ட் சிஷோம் வடிவமைத்து நம்பெருமாள் செட்டியார் கட்டிய விக்டோரியா பொது மண்டபம், 1892இல் திறக்கப்பட்ட உயர்நீதிமன்றம், 1908இல் திறக்கப்பட்ட எழும்பூர் ரயில் நிலையம் ஆகியவற்றின் அழகு செந்நிறச் செங்கல்லிலேயே அமைந்தது. இங்கிலாந்தில் அப்போது செங்கல்லை வெளிப்படையாகக் காட்டும் மோகம் பரவியிருந்தது. அதை இந்தோ சாரசெனிக் பாணியின் வளைவுகளோடும் குவிமாடங்களோடும் பொறியாளர்கள் இணைத்தனர். பூச்சில்லாத சுவரில் கொத்தனாரின் பிழை எதுவும் மறையாது. கல் ஒரே அளவாக இருக்க வேண்டும். வரி பிசகக் கூடாது. இணைப்புகளில் சாந்து சீராக நிற்க வேண்டும். ஆகவே இது அன்று செலவு மிகுந்த, அரசுக்கும் செல்வந்தருக்கும் உரிய வேலையாக இருந்தது.

சிமென்ட் பரவியபின் வீடுகளில் பூச்சு இன்னும் உறுதிப்பட்டது. பூசாத சுவர் என்றால் பணம் போதாமல் வேலை நின்றுவிட்ட வீடு என்ற எண்ணம் ஊர்களில் நிலைத்தது.

அந்த எண்ணத்தை அசைத்தவர் லாரி பேக்கர். 1917இல் பர்மிங்காமில் பிறந்த இவர், பம்பாயில் காந்தியைச் சந்தித்தபின் 1945இல் மீண்டும் இந்தியாவுக்கு வந்து தொழுநோயாளர் இல்லங்களைக் கட்டினார். கட்டுமானப் பொருள்கள் அருகிலேயே கிடைப்பவையாக இருக்க வேண்டும் என்ற காந்தியின் கருத்து அவரை வழிநடத்தியது. பின்னர் திருவனந்தபுரத்தில் குடியேறி, எளியோர் வீடுகளையும், உள்ளூர் என்ற பகுதியில் வளர்ச்சி ஆய்வு மையத்தையும், தம்பானூரில் சுழன்று ஏறும் இந்தியன் காபி ஹவுஸையும் பூசாத செங்கல்லிலேயே எழுப்பினார். சென்னையில் ஆடம்பரமாக இருந்த திறந்த செங்கல் இங்கே சிக்கனமாயிற்று. பூச்சும் சாயமும் இல்லாததால் அந்தச் செலவும், ஆண்டுதோறும் வெள்ளையடிக்கும் செலவும் மிச்சமாயின.

அவர் பரப்பிய 'எலிப்பொறிக் கட்டு' இந்தச் சிக்கனத்தின் மையம். வழக்கமாகப் படுக்கவைக்கும் கல்லை இதில் பக்கவாட்டில் நிமிர்த்தி வைப்பார்கள். சுவரின் இரு முகங்களிலும் நீளவாக்கில் நிற்கும் கற்களை, குறுக்கே நிற்கும் கற்கள் இணைக்கும். இடையில் வெற்றிடம் உண்டாகும். 9 அங்குலத் தடிமன் குறையாமலே சுமார் 25 விழுக்காடு கல் மிச்சமாகும். உள்ளே அடைபட்ட காற்று வெயிலின் சூட்டையும் தடுக்கும். 1985இல் தொடங்கிய காஸ்ட்ஃபோர்டு நிறுவனம் இம்முறையைக் கேரளம் முழுதும் கொண்டுசென்றது. பேக்கர் 2007இல் மறைந்தார்.

இன்று இயந்திரத்தில் வார்த்த சீரான கற்கள் கிடைப்பதால், வரவேற்பறையில் ஒரு சுவரை மட்டும் பூசாமல் விடுவது பரவலாகியுள்ளது. பழைய வீட்டில் பூச்சைக் கொத்தி எடுப்பவர்களும் உண்டு. அதற்கு முன் ஒரு மூலையில் சிறிதளவு பெயர்த்துப் பார்ப்பது அவசியம். பூசுவதற்கென்றே கட்டிய சுவரில் வேகாத கல்லும் உடைந்த துண்டுகளும் கலந்திருக்கும். கல் நன்றாக இருந்தால் தூசியைத் துலக்கி, உதிர்ந்த இணைப்புகளை நிரப்ப வேண்டும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவருக்குச் சுண்ணாம்பே ஏற்றது. சிமென்ட் ஈரத்தை வெளியேற விடாமல் அடைத்து, கல்லின் முகத்தையே உதிரச் செய்யும்.