பழைய வழக்கு உள்ளவர் வெளிநாட்டு வேலைக்குப் போக முடியுமா?

எம்.ரெட்டியபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரம் மழையை நம்பிய மானாவாரி பூமி. கண்மாய் நிறையாத வருடத்தில் விதைத்ததுகூட வீடு வந்து சேராது. அதனால் இங்குள்ள இளைஞர்கள் பலர் வளைகுடாவையும் மலேசியா, சிங்கப்பூரையும் எதிர்பார்த்திருக்கிறார்கள். ஜும்ஆ முடிந்து கூட்டம் கலைந்த பின் சிலர் தயங்கித் தயங்கி வந்து கேட்பார்கள்: "ஹஜ்ரத், என் பேர்ல பழைய கேஸ் ஒண்ணு இருக்கு. பாஸ்போர்ட் கிடைக்குமா?"

பெரும்பாலானோருக்குக் கிடைக்கும். ஆனால் வழக்கை மறைத்து வாங்கக் கூடாது. முறையாக முடித்தோ, நீதிமன்ற அனுமதி பெற்றோ வாங்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

வெளிநாடு செல்வது தனிமனித சுதந்திரத்தின் ஒரு பகுதி என்று மேனகா காந்தி வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. எனவே சட்டம் கூறும் காரணம் இல்லாமல் பாஸ்போர்ட்டை மறுக்க முடியாது. அந்தக் காரணங்கள் 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 6(2) பிரிவில் உள்ளன. வழக்கு சம்பந்தமாக முக்கியமானவை இரண்டு.

ஒன்று, தண்டனை. விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளுக்குள், ஒழுக்கக்கேடான குற்றத்துக்காக இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றிருந்தால் மறுக்கலாம். அபராதத்தோடு முடிந்த சிறு வழக்குகள் இதில் வராது.

இரண்டு, குற்றவியல் நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள வழக்கு. காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். பதிவானது மட்டுமே நிலுவை வழக்கு ஆகாது. நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுத்த பிறகே இந்தத் தடை பொருந்தும். வெளியுறவு அமைச்சகம் 2019 அக்டோபரில் வெளியிட்ட சுற்றறிக்கையும் இதைத் தெளிவுபடுத்துகிறது.

வழக்கு நடந்துகொண்டிருந்தாலும் வழி அடைபடவில்லை. 1993 ஆகஸ்ட் 25 தேதியிட்ட ஜி.எஸ்.ஆர். 570(இ) அறிவிக்கையின்படி, வழக்கு நடக்கும் நீதிமன்றத்தில் மனுச் செய்து வெளிநாடு செல்ல அனுமதி ஆணை பெற்றால் பாஸ்போர்ட் வழங்கலாம். ஆணையில் குறிப்பிட்ட காலத்துக்கு அது செல்லும். காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஓராண்டுக்குத் தருவார்கள். எனவே மனுவிலேயே எத்தனை ஆண்டு தேவை என்று கேட்டுவிடுங்கள்.

ஜமாஅத்தில் முடிந்தால் போதுமா?

நம் மக்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. வாய்க்கால் தகராறு, கல்யாண வீட்டுக் கைகலப்பு போன்றவற்றை ஜமாஅத்தில் பேசி, கை கொடுத்து, ஸலாம் சொல்லிப் பிரிந்துவிடுவார்கள். சமாதானம் செய்து வைப்பது பெரும் நன்மை. ஆனால் நீதிமன்றத்தில் அந்த வழக்கு அப்படியே கிடக்கும். வாய்தாவுக்குப் போகாததால் பிடியாணையும் பிறந்திருக்கும். மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்தில் விண்ணப்பித்து, போலீஸ் விசாரணை வரும்போதுதான் விஷயம் தெரியும்.

லேசான காயம் போன்ற சமரசத்துக்குரிய குற்றங்களில், இரு தரப்பும் நீதிமன்றத்தில் சமரசத்தைப் பதிவு செய்தால் அது விடுதலைக்குச் சமம். ஆகவே ஜமாஅத்தில் முடிந்ததை நீதிமன்றப் பதிவேட்டிலும் முடியுங்கள். இதற்கு லோக் அதாலத்தும் ஒரு வழி.

போராட்ட வழக்குகளும் அப்படியே. குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்த வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக 2021இல் அடுத்தடுத்து இருந்த இரு அரசுகளும் அறிவித்தன. அறிவிப்பு வேறு, ஆணை வேறு. நீதிமன்றத்துக்குப் போய்விட்ட வழக்கைத் திரும்பப் பெற நீதிமன்றத்தின் இசைவு வேண்டும். உங்கள் எண்ணுள்ள வழக்கு முடிந்ததற்கான சான்றிட்ட நகல் கையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

"அபராதம் கட்டி முடிச்சிடலாம்" என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவதும் தண்டனைதான். பாஸ்போர்ட்டை அது தடுக்காவிட்டாலும், விசா படிவத்தில் பிறகு கேள்வியாக வரலாம்.

1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின்படி எச்சரித்தோ, பிணைப்பத்திரம் பெற்றோ விடுவிக்கப்பட்டவருக்கு, தண்டனையால் வரும் தகுதியிழப்பு கிடையாது. பதினெட்டு வயதுக்குள் நடந்த தவறுக்கு, சில கடுமையான குற்றங்கள் நீங்கலாக, 2015ஆம் ஆண்டு இளையோர் நீதிச் சட்டமும் அதே பாதுகாப்பைத் தருகிறது.

போகும் நாட்டின் விதி

பாஸ்போர்ட் நம் நாடு தருவது. வேலை அனுமதி அந்த நாடு தருவது. விதிகள் அடிக்கடி மாறும். சவூதி அரேபியா 2022 ஆகஸ்டில் இந்தியர்களுக்குக் காவல்துறைத் தடையின்மைச் சான்றிதழைக் கட்டாயமாக்கி, நவம்பரிலேயே விலக்கிக்கொண்டது. அமெரிக்க விசா படிவம் தண்டனையை மட்டுமல்ல, கைதையும் கேட்கிறது. ஆஸ்திரேலியாவில் பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றவர், அங்கேயே நெடுநாள் வாழ்ந்தவராயினும், விசாவை இழக்க நேரிடும்.

அங்கே போன பிறகும் கவனம் தேவை. 2013 டிசம்பர் 8இல் சிங்கப்பூர் லிட்டில் இந்தியா கலவரத்துக்குப் பின் 25 இந்தியர்கள் மீது நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. வழக்கே இல்லாமல் ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

மறைத்தால் என்ன?

தகவலை மறைத்துப் பாஸ்போர்ட் பெற்றால் அது முடக்கப்படும். இரண்டு ஆண்டு வரை சிறையோ, ஐந்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். சிறு வழக்காக இருந்தது பெரிய வழக்காகிவிடும். வேலை விண்ணப்பங்களைப் பற்றி 2016இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், கேட்ட தகவலை உண்மையாகச் சொல்ல வேண்டும் என்றது. இள வயதில் கோஷம் போட்டது போன்ற சிறு வழக்குகளை வேலை தருபவர் பொருட்படுத்தாமல் விடலாம் என்றும் அதே தீர்ப்பு கூறியது.

மார்க்கமும் இங்கே ஒரு வேறுபாட்டைக் காட்டுகிறது. தவ்பா செய்த பாவத்தை ஊருக்குச் சொல்லித் திரிய வேண்டியதில்லை. அல்லாஹ் மறைத்ததை மறைத்தே வைக்கலாம். ஆனால் கையெழுத்திட்டுக் கொடுக்கும் படிவம் ஒரு சாட்சியம். சாட்சியத்தில் பொய் கூடாது.

செய்ய வேண்டியவை

எஃப்.ஐ.ஆர். எண்ணையும் வழக்கு எண்ணையும் தெரிந்துகொள்ளுங்கள்; இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கின் நிலையைப் பார்க்கலாம். முடிந்த வழக்குக்கு நகல் மனு போட்டுத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கி வையுங்கள். நிலுவையில் இருந்தால் வழக்கறிஞர் மூலம் சமரசம், ரத்து, பயண அனுமதி ஆகியவற்றில் எது பொருந்தும் என்று பாருங்கள். வசதியற்றோருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. உதவி எண் 15100. "கேஸ் இல்லைன்னு போட்டுடலாம்" என்று சொல்லும் ஏஜென்டிடம் பணம் கட்டாதீர்கள்.

நபி யூசுஃப் (அலை) அவர்கள் அந்நிய நாட்டில் சிறையில் இருந்தவர்கள். அரசர் அழைத்தபோது உடனே ஓடி வரவில்லை. தம் மீதான பழியை முதலில் விசாரிக்கச் சொன்னார்கள். குற்றமற்றவர் என்பது வெளிப்பட்ட பிறகே வெளியே வந்து, அந்த நாட்டின் களஞ்சியப் பொறுப்பை ஏற்றார்கள். பெயரைத் தெளிவாக்கிக்கொண்டு புறப்படுவது நபிமார் காட்டிய வழி.

ஹலாலான ரிஸ்க்கைத் தேடிப் புறப்படும் நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் வழிகளை இலேசாக்குவானாக. ஆமீன்.