கொழுந்து எடையும் பெருக்கெண்ணும்: மலையகத் தேயிலையை இழப்புள்ள வலையமைப்பாகப் பார்த்தல்

வலையமைப்புப் பாய்வின் அடிப்படை விதி எளியது: ஒரு முனைக்குள் வந்தது அத்தனையும் வெளியே போக வேண்டும். ஃபோர்டும் ஃபுல்கர்சனும் 1956இல் வெளியிட்ட உச்சப் பாய்வு வழிமுறை இவ்விதியை நம்பியே நிற்கிறது. இலங்கை மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் கிலோக் கணக்கில் இது செல்லாது. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ நான்கரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். எனவே இணைப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருக்கெண் தேவைப்படுகிறது. இத்தகைய வலைகளை ஜுவெல் 1962இலேயே முறையாக ஆராய்ந்தார்.

ஆனால் தொழிற்சாலைக்குள் நடப்பதில் பெரும்பகுதி இழப்பே அல்ல, அலகு மாற்றம்தான் என்பது என் வாதம். 78% ஈரமுள்ள 100 கிலோ கொழுந்தில் உலர்பொருள் 22 கிலோ. 55% ஈரம் வரை வாட்டினால் எடை 48.9 கிலோவாகும், 3% ஈரத்துக்கு உலர்த்தினால் 22.7 கிலோ. பெருக்கெண்கள் 0.489, 0.464. எடையை உலர்பொருளில் அளந்தால் இரண்டும் 1 ஆகிவிடுகின்றன. முனைதோறும் அலகை மாற்றி எழுதும் இந்த உத்தியை ட்ரூம்பர் 1970களில் ஆராய்ந்தார்: இரு முனைகளுக்கிடையே எந்த வழியில் போனாலும் பெருக்கற்பலன் ஒன்றே என்றால், அது மாறுவேடமிட்ட சாதாரண வலை. கொள்ளளவையும் உடன் மாற்ற வேண்டும் என்பதை மறந்துவிடக்கூடாது. மழைநாளில் அதே லொறி அதே எடையை ஏற்றினாலும் குறைந்த உலர்பொருளையே கொண்டுபோகிறது.

அலகை மாற்றிய பிறகும் 1ஐவிடக் குறைவாக எஞ்சுபவையே மெய்யான இழப்புகள்: சாக்கில் அழுத்திச் சூடேறிக் கெட்ட கொழுந்து, வழியில் சிந்தியது, சலிப்பில் ஒதுக்கியது. இரண்டு பாதைகள் இரண்டு தொழிற்சாலைகளுக்குப் போகும் இடத்தில்தான் பொதுப் பாய்வு (பெருக்கெண்களுள்ள பாய்வு) வழிமுறைக்கு வேலை. ஒனாகா காட்டியபடி, பெருக்கற்பலன் மிகுந்த பாதையை முதலில் நிரப்ப வேண்டும். பெருக்கெண்ணின் மடக்கையை எதிர்க்குறியிட்டுத் தூரமாக வைத்தால் அது குறுகிய பாதைக் கணக்காகிறது. தொடக்க வலையில் இழப்பு மட்டுமே இருப்பதால் எத்தூரமும் எதிரெண் ஆகாது. முதல் பாதையை டைக்ஸ்ட்ராவின் முறையே கண்டுபிடித்துவிடும். கோல்ட்பர்க், ப்ளாட்கின், டார்டோஸ் ஆகியோர் 1991இலும் லாஸ்லோ வேக் 2014இலும் தீர்த்த கடினமான நிலைகள், சுற்றி வந்தால் பெருகும் சுழல்களையும் உள்ளடக்கியவை. கொழுந்து சுற்றி வந்து பெருகாது. நாணயமாற்றுச் சந்தையில்தான் அந்த அதிசயம் நடக்கும்.

இனி, பறித்த கொழுந்தை நிறுக்கும் மடுவத்துக்கு வருவோம். நிறுவையில் ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் சில கிலோ கழிக்கிறார்கள். கழித்த கொழுந்து மறைந்துவிடுவதில்லை. லொறியில் ஏறித் தொழிற்சாலைக்கே போகிறது. ஆகவே இது பொருளின் வலையில் இல்லாத, கூலிப் புத்தகத்தில் மட்டும் உள்ள பெருக்கெண். நாளொன்றுக்குப் பறிக்க வேண்டிய நிறையை எட்டாதவருக்கு அரைப் பேர் (அரைநாள் கூலி) விழும் இடத்தில் இதன் கனம் தெரியும்.

கழிவு நியாயமா என்பதைச் சோதிக்கலாம். சாக்கெடை நீக்கி 1,000 கிலோ கொழுந்து என்று வைத்துக்கொள்வோம். அதில் 80 கிலோ மழைநீர், மீதி முன்போல 78% ஈரமுள்ள கொழுந்து. 8% கழித்து 920 என எழுதுகிறார்கள். தூள் 208.7 கிலோ; விளைவு, அதாவது எழுதிய எடையில் தூளின் பங்கு, 22.7%. மழையில்லாத நாளிலும் அதே 8% கழித்தால் தூள் 226.8 கிலோ, புத்தகத்தின்படி விளைவு 24.7%. உலர்பொருள் மாறாததால், மடுவத்தில் குறைத்த பெருக்கெண் தொழிற்சாலைப் புத்தகத்தில் கூடுதலாகத் தலைகாட்டியே தீரும். சலிப்பு இழப்பைச் சேர்த்தால் இரு எண்களும் சற்று இறங்கும்; இடைவெளி மறையாது.

ஒரு தடை உண்டு. கொழுந்தின் இயல்பான ஈரம் 75 முதல் 80% வரை ஆடும். 76% ஈரமுள்ள கொழுந்தும் 24.7% தரும். எனவே விளைவை மட்டும் காட்டி யாரையும் குற்றஞ்சாட்ட முடியாது. அன்றன்றைய ஈரத்தை அளந்து வைத்திருக்க வேண்டும். மாதிரி ஒன்றை அடுப்பில் உலர்த்தி நிறுப்பது பெரிய செலவில்லை. தொழிற்சாலைகள் தூளின் ஈரத்தைக் கவனமாகவே பார்க்கின்றன. கொழுந்துக்கும் அதே கவனம் தேவை. கழித்த கிலோவைத் தனிப் பத்தியில் எழுதி, அன்றைய ஈர அளவையும் விளைவையும் பக்கத்திலேயே குறித்து, கொழுந்து பறிப்பவர் பார்க்கும்படி மடுவத்தில் தொங்கவிட வேண்டும்.