வாழைத்தார் தொங்கிய கொக்கி

1930கள் வரை பனிச்சறுக்கு என்றால் முக்கால்வாசி நேரம் மலை ஏறுவதுதான். சறுக்குக் கட்டைக்கு அடியில் சீல் தோலைக் கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் மூச்சு வாங்க ஏறினால், இறங்குவது சில நிமிஷத்தில் முடிந்துவிடும். 1934-இல் அமெரிக்காவின் வெர்மான்டில் ஓடும் கயிறு ஒன்றைப் போட்டார்கள். பிடித்துக்கொண்டால் மேலே இழுத்துப் போகும், கையுறை தேய்ந்துபோகும். பிள்ளைகுட்டிகளோடு போகிற இடமில்லை அது.

யூனியன் பசிபிக் ரயில் கம்பெனியின் தலைவர் ஆவரெல் ஹாரிமனுக்குக் கவலை வேறு. பொருளாதார மந்தத்தில் பயணிகள் வருமானம் படுத்துவிட்டது. தன் தண்டவாளம் போகிற பக்கம் ஒரு பனிமலை விடுதி கட்டினால் டிக்கெட் விற்கும் என்று கணக்குப் போட்டார். இடம் தேடப் போன ஆஸ்திரியப் பிரபு ஃபெலிக்ஸ் ஷாஃப்காட்ஷ், பல மலைகளைத் தள்ளிவிட்டு ஐடஹோவில் கெச்சம் என்ற ஊரைப் பிடித்தார். சுரங்கம் ஓய்ந்த பின் ஆடு ஏற்றி அனுப்பிப் பிழைத்த ஊர். மயாமி கடற்கரையை விளம்பரத்தால் பிரபலமாக்கிய ஸ்டீவ் ஹானகன் விடுதிக்கு வைத்த பெயர் சன் வேலி. பனிமலைக்கு வெயிலின் பெயர்; ஆள் கெட்டிக்காரர்தான்.

சரி, மேலே ஏற்றுவது எப்படி? வேலை ஒமாஹாவில் இருந்த ரயில்வே என்ஜினியர்களிடம் வந்தது. அவர்களில் ஜேம்ஸ் கர்ரன் என்பவர் முன்பு துறைமுகங்களில் கப்பலுக்கு வாழைத்தார் ஏற்றும் சாதனம் செய்தவர். ஓடும் கம்பிக் கயிறு, அதில் கொக்கி, கொக்கியில் தார். கர்ரன் கொக்கியை எடுத்துவிட்டு நாற்காலியை மாட்டினார். ஆபத்து என்று மேலதிகாரிகள் தயங்கினார்கள். ஆலோசனை சொல்ல வந்த சறுக்கு வீரர் சார்லி ப்ராக்டர்தான் அதற்குப் பரிந்து பேசினார்.

சோதனை நடந்தது 1936 கோடையில், சமவெளியிலிருந்த ரயில் யார்டில். லாரியின் பக்கவாட்டில் சட்டம் நீட்டி நாற்காலியைத் தொங்கவிட்டார்கள். வைக்கோலைப் பரப்பி அதன்மேல் சறுக்குக் கட்டையோடு நின்று பார்த்தார்கள், வழுக்கவில்லை. பிறகு சக்கரக் காலணி போட்டுக்கொண்டு சிமெண்ட் தரையில் நின்றார்கள். லாரி பின்னாலிருந்து வந்து ஆளை அள்ளிக்கொண்டு போகும். எந்த வேகத்தில் அள்ளினால் ஆள் விழமாட்டார் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

அந்த டிசம்பரில் சன் வேலி திறந்தது. நாற்காலி ஒவ்வொன்றிலும் ஒருவர்தான் உட்காரலாம். முன்னால் போகிற அம்மாவோடு பேச வேண்டுமானால் பிள்ளை கத்த வேண்டும். இரண்டு பேர், நான்கு பேர் உட்காரும் நாற்காலிகள் பிறகு வந்தவை.

என்னைக் கேட்டால், கர்ரன் செய்ததன் முழுப் பலன் கோடையில்தான் தெரியும். இழுக்கிற கயிற்றுக்குத் தரையில் பனி வேண்டும். பனி கரைந்தால் அதன் பிழைப்பும் போச்சு. நாற்காலியோ தரைக்கு மேலே போகிறது. கீழே பனியா புல்லா என்று அதற்கென்ன? சறுக்குக் கட்டையைத் தொட்டே பார்க்காத பாட்டியும் ஜூலையில் உச்சிக்குப் போய்க் காபி குடிக்கலாம். பேரன் மலைச் சைக்கிளை நாற்காலியில் மாட்டிக் கொண்டுபோய்ச் சரிவில் இறங்கலாம். வருஷம் பூராவும் குடும்பங்கள் வந்து தங்கும் மலை விடுதி என்ற தொழிலுக்கு இதுவும் பெரிய பலம்.

ஒரு குறை நெடுநாள் இருந்தது: வேகமாக வரும் நாற்காலி சின்னக் குழந்தைகளைப் பின்னங்காலில் இடித்துவிடும். 1981-இல் கொலராடோவின் பிரெக்கன்ரிட்ஜில் வந்த நால்வர் லிஃப்டில் அதற்கும் வழி இருந்தது. நிலையத்துக்குள் நுழைந்ததும் நாற்காலியின் பிடி கம்பியை விட்டுவிடும். ஆள் ஏறும்வரை ஊர்ந்து போய், வெளியேறும்போது வேகமாக ஓடும் கம்பியை மறுபடி கவ்வும்.

டிக்கெட் விற்கக் கட்டிய சன் வேலியை ரயில் கம்பெனி 1964-இல் விற்றுவிட்டது. விருந்தாளிகள் அதற்குள் காருக்கும் விமானத்துக்கும் மாறியிருந்தார்கள்.