பீங்கானும் பொறியும்

இந்தக் கதை ஒரு சாப்பாட்டுத் தட்டில் தொடங்குகிறது. 1904-இல் ஜப்பானின் நகோயா நகரை ஒட்டிய நொரிடாகே என்ற ஊரில் மொரிமுரா குடும்பத்தார் ஒரு பீங்கான் தொழிற்சாலையை நிறுவினார்கள். அமெரிக்கர்களின் மேசைக்கு ஏற்ற வெள்ளைத் தட்டு செய்து அனுப்புவது நோக்கம். முழு செட் ஒன்று உருப்படியாக வந்து சேர 1914 ஆகிவிட்டது. பத்து வருடம் மண்ணோடும் சூளையோடும் மல்லுக்கட்டியதில் கைக்கு வந்த வித்தை தட்டோடு நிற்கவில்லை. மின்கம்பிகளைத் தாங்கும் இன்சுலேட்டர் செய்ய 1919-இல் ஒரு நிறுவனம் தனியே பிரிந்தது. அதிலிருந்து 1936-இல் ஸ்பார்க் பிளக்குக்கென்றே இன்னொன்று பிரிந்தது. மெக்கானிக்குகள் தினமும் சொல்லும் என்ஜிகே அதுதான்.

ஸ்பார்க் பிளக்கை நாம் இரும்புச் சாமான்களோடு சேர்த்துவிடுகிறோம். மரை இருக்கிறது, ஸ்பேனர் பிடிக்க அறுகோணம் இருக்கிறது, கனமாகவும் இருக்கிறது. ஆனால் அதன் உயிர் நடுவிலிருக்கும் வெள்ளைப் பீங்கானில்தான். இரும்பு அதற்குப் போட்ட சட்டை. ஜெர்மனியில் ராபர்ட் போஷ் நிறுவனத்தில் கோட்லோப் ஹோனோல்ட் 1902-இல் பொறிக்கு மின்சாரம் தரும் உயர் மின்னழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் செய்து காட்டிய பிறகு, பொறியை உண்டாக்குவது பெரிய சிக்கலாக இருக்கவில்லை. அந்த மின்சாரம் வழியில் எங்கும் கசியாமல் நுனிவரை கொண்டுபோவதுதான் சிக்கல். அந்தக் காலத்துப் பீங்கான் சூட்டிலும் அதிர்விலும் விரிசல் விட்டது. சிலர் அபிரகத் தகடுகளை அடுக்கிச் சமாளித்தார்கள். கெட்டியான அலுமினா வந்த பிறகுதான் பிளக் நம்பத்தக்க பொருளானது.

நாம் பின்தொடரப் போவது பிகேஆர்5இ-11 என்ற சாதாரண பிளக்கை. இது போய்ச் சேரும் இடம் மஸ்தா எம்எக்ஸ்-5. அமெரிக்காவில் மியாட்டா என்பார்கள். 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமாகி, ஹிரோஷிமாவில் உருவாகி, 2016-இல் பத்து லட்சத்தைத் தொட்ட இரண்டு பேர் உட்காரும் திறந்த கார். முதல் தலைமுறையின் தொடக்கத்தில் 1.6 லிட்டர் எஞ்சின், நான்கு சிலிண்டர், நான்கு பிளக். வீட்டு வாசலில் வைத்துத் தன் கையால் வேலை செய்ய நினைப்பவருக்கு இதைவிட இணக்கமான ஸ்போர்ட்ஸ் கார் குறைவு. பிளக்குகள் நான்கும் எஞ்சினின் உச்சியில், இரண்டு கேம் ஷாஃப்டுகளுக்கு நடுவே, நேர் செங்குத்தான குழிகளில் வரிசையாக இருக்கின்றன. போர்ஷே 911-இல் எஞ்சின் பின்பக்கம் படுத்துக் கிடக்கும், பிளக்கைத் தொடுவதற்குப் பக்கவாட்டிலிருந்து கையை விட்டுத் துழாவ வேண்டும். 1989-இல் வந்த 964 மாடலில் சிலிண்டருக்கு இரண்டு என்று பன்னிரண்டு பிளக் வேறு.

பிளக்கின் பிறவி பாக்சைட் மண்ணிலிருந்து தொடங்குகிறது. மண்ணைச் சுத்திகரித்து எடுத்த அலுமினாவை மாவாக்கி, ரப்பர் அச்சில் நான்கு பக்கமும் சமமாக அழுத்தம் கொடுத்துக் கட்டியாக்குகிறார்கள். அதைச் சாணைச் சக்கரத்தில் பிடித்து வடிவம் கொடுத்து, சுமார் 1,600 டிகிரி சூட்டில் சுடுகிறார்கள். சுடும்போது சுருங்கும் என்பதால், எவ்வளவு சுருங்கும் என்று கணக்கிட்டு அந்த அளவுக்குப் பெரிதாகவே முதலில் செய்ய வேண்டும். வெளியே தெரியும் பகுதியில் வளையம் வளையமாக வரிகள் இருக்குமே, அவை அழகுக்கல்ல. பத்தாயிரம் முதல் முப்பதாயிரம் வோல்ட் வரை ஏறும் மின்சாரம், உள்ளே போகாமல் பீங்கானின் வெளிப்புறமாகவே வழிந்து இரும்புக்குத் தாவப் பார்க்கும். வரிகள் அந்த வழியை நீளமாக்கி அதைத் தடுக்கின்றன.

பீங்கானின் நடுத்துளையில் நிக்கல் கலவையாலான எலக்ட்ரோடு இறங்குகிறது. அதன் வயிற்றுக்குள் செம்பு. நிக்கல் அரிப்பைத் தாங்கும், செம்பு சூட்டை இழுத்துக்கொண்டு போகும். மேலே மின்சாரம் கடத்தும் கண்ணாடித் தூளையும், ரேடியோ கரகரக்காமலிருக்க வைக்கும் ரெசிஸ்டர் தூளையும் அடைத்து, சூடேற்றி, கண்ணாடி இளகும்போது மேல்முனைக் கம்பியை அழுத்திச் செருகினால் எல்லாம் ஒரே உடலாகிவிடும். பிறகு இரும்புச் சட்டை. 14 மில்லிமீட்டர் விட்டத்துக்கு மரை உருட்டி, முலாம் பூசி, பீங்கானை உள்ளே வைத்து இறுக்கி மடித்துவிடுகிறார்கள். சட்டையின் ஓரத்தில் பற்றவைத்த சிறு நிக்கல் கம்பியை வளைத்து நடு எலக்ட்ரோடுக்கு நேர் மேலே நிறுத்துவது கடைசி வேலை. இரண்டுக்கும் இடைவெளி 1.1 மில்லிமீட்டர். பெயரின் கடைசியில் இருக்கும் 11 அதைத்தான் சொல்கிறது.

நடுவிலிருக்கும் 5 இன்னும் முக்கியமானது. பிளக் எவ்வளவு சூட்டை எஞ்சின் தலைக்குக் கடத்தும் என்பதன் எண் அது. பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் சூடு நின்று நிதானமாக இறங்கும், குட்டையாக இருந்தால் சட்டென்று இறங்கிவிடும். மூக்கு நுனி 500 டிகிரியாவது எட்ட வேண்டும், அப்போதுதான் படியும் கரி தானே எரிந்து போகும். 850-ஐ ஒட்டிப் போய்விட்டால் பொறி வருவதற்கு முன்பே நுனியின் சூட்டில் பெட்ரோல் பற்றிக்கொள்ளும். எஞ்சின் கெடுவதற்கு அது போதும். என்ஜிகேயில் எண் கூடினால் பிளக் குளிர்ச்சியானது, போஷில் எண் கூடினால் சூடானது. பிராண்டு மாற்றி வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

அட்டைப்பெட்டி, கப்பல், கிடங்கு, கடை என்று அடுத்த கட்டம் ஒரே ஓட்டம். அதில் ஓர் ஆபத்து மட்டும் உண்டு, போலி பிளக். பெட்டி அச்சு அசலாக இருக்கும், உள்ளே ஓரக் கம்பி கோணலாக நிற்கும், எழுத்து நகத்தால் சுரண்டினாலே உதிரும். விலை குறைவென்று யாரிடமோ வாங்கக் கூடாத பொருள்களில் இதுவும் ஒன்று.

எஞ்சினுக்குள் இறங்கிய பிறகு பிளக் படும் பாட்டை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் மலைப்பாகத்தான் இருக்கிறது. ஒரு நொடியின் சிறு துணுக்கில் 2,000 டிகிரிக்கு மேல் நெருப்பு, அடுத்த துணுக்கில் வெளியிலிருந்து வரும் பச்சைக் காற்றும் பெட்ரோலும். மியாட்டாவில் இன்னொரு விசேஷம். ஒன்றாம், நான்காம் சிலிண்டர்களுக்குச் சேர்த்து உயர் மின்னழுத்தம் தரும் ஒரு காயில் (coil), இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களுக்கு இன்னொன்று. ஒரு காயில் சுடும்போது அதன் ஜோடி பிளக்குகள் இரண்டிலுமே பொறி விழும். ஒரு சிலிண்டரில் அது பெட்ரோலைப் பற்றவைக்கும், மற்றதில் புகை வெளியேறும் நேரத்தில் வீணாகப் போகும். அதனால் எஞ்சினின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு பிளக்கிலும் ஒரு பொறி. இத்தகைய சாதாரண நிக்கல் பிளக்கை சுமார் 48,000 கிலோமீட்டரில் மாற்றுவது வழக்கம். சராசரி வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர், எஞ்சின் நிமிடத்துக்கு 2,500 சுற்று என்று வைத்துக்கொண்டால், ஒரு பிளக்கின் ஆயுளில் விழும் பொறிகள் 14 கோடியைத் தாண்டும்.

ஜோடிப் பொறிக்கு ஒரு விளைவு உண்டு. ஒரு பிளக்கில் மின்சாரம் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தாவினால், அதன் ஜோடியில் ஓரத்திலிருந்து நடுவுக்குத் தாவும். எந்தப் பக்கம் எதிர்மின்முனையோ அந்தப் பக்கம் அதிகம் அரிபடும். ஆகவே ஒன்றில் நடு எலக்ட்ரோடு மழுங்கும், இன்னொன்றில் ஓரக் கம்பி குழியும். ஒரே சூளையில் வெந்து, ஒரே பெட்டியில் வந்த நான்கும் இரண்டு விதமாக மூப்படைகின்றன.

அதைப் பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பு கழற்றும்போது மட்டும்தான். பட்டறையில் நான்கையும் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டால் எது எந்தச் சிலிண்டரில் இருந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. இந்த வேலையை வீட்டில் செய்யச் சொல்வதற்கு எனக்கு முதல் காரணம் அதுதான். கூலி மிச்சமாவது அடுத்தபடி.

எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். தலைப்பகுதி அலுமினியம், சூட்டில் பிளக்கைத் திருகினால் அலுமினிய மரை இரும்போடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பிளக் வயரை இழுக்கக் கூடாது. அடியிலிருக்கும் ரப்பர் தொப்பியைப் பிடித்து இடமும் வலமும் திருகி மேலே எடுக்க வேண்டும். குழிக்குள் எட்டிப் பாருங்கள். எண்ணெய் தேங்கியிருந்தால் மேல்மூடியின் கேஸ்கெட் இறுகிப்போய்விட்டது என்று பொருள், அதை மாற்றாமல் புதிய பிளக் போடுவதில் பிரயோஜனமில்லை. மணலோ தூசியோ இருந்தால் காற்றடித்து வெளியேற்றிவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொட வேண்டும். பிளக் வெளியே வந்த அடுத்த நொடி அந்தக் குழி நேராக சிலிண்டருக்குள் திறக்கிறது.

16 மில்லிமீட்டர் பிளக் சாக்கெட், நீட்டுக் கம்பி, ராட்செட். முதல் திருப்பில் ஒரு கிறீச் சத்தம் வரும், பிறகு கையாலேயே சுழலும். வெளியே வந்ததை அட்டையில் எண் எழுதி அந்தந்த இடத்தில் வையுங்கள். வெளிச்சத்தில் மூக்கைப் பாருங்கள். வெளிர் சாம்பலோ இளம் பழுப்போ இருந்தால் நன்று. உலர்ந்த கரி அப்பியிருந்தால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது. ஈரமாக எண்ணெய் படிந்திருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கலாம். வெள்ளை வெளேரென்று கொப்புளமாக இருந்தால் சூடு மிஞ்சிவிட்டது. நான்கும் ஒரே மாதிரி இல்லாமல் ஒன்று மட்டும் தனித்து நின்றால் அந்தச் சிலிண்டரைத்தான் ஆராய வேண்டும். இரும்புச் சட்டைக்கு மேலே பீங்கானில் பழுப்பு வளையம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். புகை கசிந்த தடம் என்று பலரும் நினைக்கிறார்கள். உயர் மின்னழுத்தம் காற்றிலிருக்கும் எண்ணெய்த் துகள்களை இழுத்து ஒட்டவைத்த கறை அது.

நம் ஊரில் பைக் பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்துத் திரும்பப் போடுவது நெடுநாள் பழக்கம். வழியில் நின்றுபோன வண்டிக்கு அது கைகொடுத்திருக்கிறது. ஆனால் பொறி கூர்முனையிலிருந்துதான் எளிதாகத் தாவும். முனை மழுங்கி, இடைவெளி அகன்று போன பிளக்குக்கு உப்புத்தாள் வைத்தியமாகாது. மெல்லிய இரிடியம் நுனி உள்ள பிளக்கில் உப்புத்தாளைக் கிட்டவே கொண்டுபோகக் கூடாது.

புதியதைப் போடும் கட்டம்தான் மொத்த வேலையிலும் எனக்குப் பிடித்தது. இடைவெளியைக் கம்பி கேஜால் சரிபார்த்து, பிளக்கின் தலையில் ஒரு சாண் ரப்பர் ஹோஸைச் செருகிக் குழிக்குள் இறக்கி, ஹோஸை விரல்களால் உருட்ட வேண்டும். மரை ஒழுங்காகப் பிடித்தால் பிளக் தானே இறங்கும். கோணலாகப் பிடித்தால் ஹோஸ் வழுக்கும், மரை பிழைக்கும். ராட்செட்டுக்கு இந்த இங்கிதம் கிடையாது, அது அலுமினியத்தை அறுத்துக்கொண்டு போகும். விரலால் முழுக்க இறங்கிய பிறகு டார்க் ரெஞ்சில் 15-லிருந்து 22 நியூட்டன் மீட்டருக்குள் இறுக்கினால் போதும். ரெஞ்ச் இல்லாதவர்கள் அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு சுற்றுக்குள் நிறுத்தலாம். அடியிலிருக்கும் வாஷர் நசுங்குவது கைக்கே தெரியும். மரையில் கிரீஸ் தடவ வேண்டாம். முலாமே அந்த வேலையைச் செய்கிறது, கிரீஸ் போட்டால் கை அறியாமல் கூடுதலாக இறுகிவிடும்.

பழையவை இனிப் போகுமிடம் பழைய இரும்புக் கடை. உலையில் எஃகு மட்டும்தான் உருப்படியாகத் திரும்பும். செம்பு அந்த எஃகில் யாரும் விரும்பாத கலப்பு, பீங்கான் கசடோடு ஒதுங்கிவிடும். இவ்வளவு பாடுபட்டுச் சுட்ட அலுமினாவுக்கு இரண்டாம் பிறவி இல்லை. ஆனால் பழைய பிளக்குகளை உடனே அனுப்பிவிடாதீர்கள். புதியவை வந்த பெட்டியிலேயே சிலிண்டர் எண்ணையும் கிலோமீட்டரையும் எழுதிப் பழையவற்றைப் போட்டு வைத்தால், அடுத்த செட்டைக் கழற்றும் நாளில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மூன்றாம் சிலிண்டரில் எண்ணெய் கூடியிருக்கிறதா, முன்பு இருந்த கரி குறைந்திருக்கிறதா என்பதற்கு அந்தப் பெட்டியே சாட்சி. அதைப் பார்த்து முடித்தபின் இரும்புக்குப் போடுங்கள்.