வல்வைக் கரையும் மூன்று நாட்டுத் தோழமையும்

மக்களின் வரலாறு அரசுகள் வரைந்த எல்லைக்கோடுகளுக்குள் அடங்குவதன்று. இந்தியா, இலங்கை, பர்மா ஆகிய மூன்று நாடுகளையும் பிரிட்டிஷ் ஏகாதிபத்தியம் ஒரே நுகத்தில் பிணித்திருந்தது. பர்மாவோ 1937 வரை இந்தியாவின் மாகாணமாகவே ஆளப்பட்டது. அக்காலத்தில் வல்வெட்டித்துறைக் கப்பலோட்டிகள் நாகபட்டினத்துக்கும் இரங்கூனுக்கும் பாய்விரித்துச் சென்றனர்; அரிசியும் தேக்கும் கொணர்ந்தனர். வணிகம் கண்ட கடல்வழியைப் பின்னர் அரசியலும் கண்டது.

உலகப் போரை ஏகாதிபத்தியப் போரென எதிர்த்த லங்கா சமசமாஜக் கட்சியின் தலைவர்கள் 1940 ஜூனில் சிறையிடப்பட்டனர். 1942 ஏப்ரல் 7ஆம் நாள் இரவு என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தனா, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி ஆகியோர் கண்டிச் சிறையிலிருந்து தப்பினர்; சிறைக்காவலர் ஒருவரும் அவர்களோடு வெளியேறினார். தலைமறைவான தோழர்கள் இந்தியா செல்ல வல்வெட்டித்துறைக் கரையே வாயிலாயிற்று. சிங்களத் தலைவர்களை ஏற்றிச் சென்றவை தமிழர் படகுகள்!

அவ்வாண்டிலேயே 'இந்திய, இலங்கை, பர்மா பொல்ஷெவிக் லெனினிஸ்ட் கட்சி' உருவாயிற்று. ஒரு நாட்டின் விடுதலை மற்றவற்றின் விடுதலையோடு பிணைந்தது என்பதே அதன் கொள்கை. ஜப்பானியர் கைப்பற்றிய பர்மாவில் அது வேரூன்றவில்லை. ஆயினும் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் இலங்கைத் தோழர்கள் இந்தியரோடு தோள்கொடுத்தனர்.

யாழ்ப்பாணத்திற் பிறந்த எஸ். சி. சி. அந்தோனிப்பிள்ளை இத்தோழமைக்குச் சிறந்த சான்று. சென்னைத் தொழிலாளர் சங்கத் தலைவராகி, 1947இல் பக்கிங்காம் - கர்நாடிக் ஆலைத் தொழிலாளர் ஏறத்தாழ நூறு நாள் நடத்திய வேலைநிறுத்தத்தை அவர் வழிநடத்தினார். 1957இல் வடசென்னை மக்கள் அவரை இந்திய நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். அவர்தம் துணைவியார் கரொலின், பிலிப் குணவர்த்தனாவின் தங்கை.

யாழ்ப்பாணத்தான் சென்னையில் மக்கள் பிரதிநிதியானான். ஆனால் மலையகத்தைத் தம் உழைப்பால் வளமாக்கிய தமிழரோ, 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். அச்சட்டத்தை நாடாளுமன்றத்தில் இடதுசாரிகள் எதிர்த்தனர். எனினும் அவ்வெதிர்ப்புக் குரல் நிலைக்கவில்லை. 1972இல் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக உறுதிசெய்த அரசியலமைப்பை ஆக்கியவர், ஒருகாலத்தில் இந்தியாவில் தலைமறைவாய் வாழ்ந்த அதே கொல்வின். நாடற்றோர் துயர் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

இவ்வீழ்ச்சியைக் கொண்டு அத்தோழமையே பொய்யென முடிவு கட்டுதல் தவறு. பொது எதிரிக்கெதிரான போரில் பிறந்த ஒற்றுமை, சமவுரிமை என்னும் அடித்தளமின்றி நிலைக்காது. நம் மாணவர்க்கு வல்வைக் கரை புகட்டவேண்டிய பாடம் இதுவே.